வாசலில் செருப்பைக் கழற்றிய ஜாம்பி

கள்ளிமேட்டுப்பாளையத்துச் சென்னியப்பன் மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம் ஷூட்டிங் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டார், சாயங்காலம் நாலே முக்காலுக்குச் செத்துப்போனார், ஐந்தரை மணிக்கு எப்போதும்போல வாய்க்கால் கரை வழியாக நடந்து வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடி சேர்த்துச் சுவரோரமாக வைத்துவிட்டு, உள்ளே போய்த் தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதை இந்த வரிசையில்தான் சொல்வார்கள். பிரியாணியை விட்டுவிட்டு யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அன்றைக்கு அது நன்றாக இருந்தது.

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலும் வயலும் தென்னையுமாக இருப்பதால், எங்கள் ஊருக்குச் சினிமா ஒன்றும் அதிசயம் இல்லை. எங்கள் ஊர் ஆலமரத்தடியில் இதுவரை பதினெட்டுப் பஞ்சாயத்துகள் நடந்திருக்கின்றன, பதினெட்டும் சினிமாவுக்காக. உண்மையான பஞ்சாயத்தெல்லாம் டீக்கடையில்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனையோ கதாநாயகிகளுக்குப் பின்னால் குடம் தூக்கி நடந்திருக்கிறார்கள், ஆண்கள் எத்தனையோ வில்லன்களுக்குப் பயந்து கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஆனால் செத்தவர்களாக நடிக்க ஆள் கேட்டு வந்தது இதுதான் முதல் தடவை. ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்த நூல் மில்லை வாடகைக்குப் பிடித்து, பதினேழு நாள் வேலைக்கு ஒரு ஜாம்பிப் படக் கூட்டம் வந்து இறங்கியது. நாற்பத்தொரு ஜாம்பிகள் வேண்டும் என்றார்கள். நூற்றுப் பத்து பேர் வரிசையில் நின்றோம்.

இயக்குநர் நிவேதன் மெல்லிய பையன், தொண்டை மட்டும் பெரிது. தேர்ந்தெடுத்த நாற்பத்தொரு பேரையும் மில் வாசலில் உட்கார வைத்து விளக்கினான்.

"நீங்க எல்லாரும் செத்துட்டீங்க. ஆனா எந்திரிச்சு நடந்து வர்றீங்க. உயிரோட இருக்கறவங்களைப் பார்த்தா கடிக்கணும்."

"சொந்தக்காரங்களையுமா தம்பி?" என்று கேட்டாள் பால் சொசைட்டி ராமாத்தாள்.

"சொந்தக்காரங்களைத்தான்க்கா முதல்ல."

அது எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. வேறு விளக்கம் யாரும் கேட்கவில்லை. பழக்கம் வருவதற்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது; முதல் ஷாட்டில் கதாநாயகன் மூச்சிரைக்க ஓடி வந்து ராமாத்தாள் கையில் மாட்ட, கழுத்தைக் கடிக்க வாயைத் திறந்தவள், வாய் திறந்த பழக்கத்தில், "சாப்டீங்களா கண்ணு?" என்று கேட்டுவிட்டாள்.

அந்த நாற்பத்தொரு பேரில் சென்னியப்பனும் ஒருவர், அவர் மனைவி துளசிமணியும் ஒருத்தி. சென்னியப்பன் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். எதையும் ஒழுங்காகச் செய்கிற மனுஷர், துண்டை நாலாக மடிப்பார், நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காருவார், யார் வீட்டு வாசலானாலும் செருப்பைக் கழற்றாமல் தாண்ட மாட்டார், ஒரு தடவை கோபியில் பேங்கு வாசலில் கழற்றி வைத்து அதைத் தொலைத்தும் வந்திருக்கிறார். துளசிமணி கணீரென்று பேசுகிறவள், அவள் வாசலில் நின்று பேசினால் வாய்க்காலுக்கு அக்கரையில் பதில் சொல்வார்கள்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. செத்துப்போவதாகவோ, பாடையில் படுப்பதாகவோ, மாலை போட்ட படத்துக்குள் இருப்பதாகவோ யார் நடித்தாலும், அந்த வேலை முடிந்த கையோடு கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும். கேமரா கடைசியாகப் பார்த்த முகம் பிணத்தின் முகமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் படத்துக்கு மேக்கப்மேனாக வந்த தேவசகாயம் வடபழனியில் முப்பது வருஷமாகச் சினிமாப் பிணங்களுக்குப் பவுடர் போட்டவர், இந்த விஷயத்தில் இயக்குநரையே அதட்டுவார். ஷூட்டிங்கின் முதல் நாளான புதன்கிழமை வேலை முடிந்ததும் அவர்தான் நாற்பத்தொரு ஜாம்பிகளையும் பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கு நிறுத்துவதுபோல மூன்று வரிசையாக நிறுத்தி, "எல்லாரும் பல்லு தெரியச் சிரிங்கப்பா, ஒருத்தர் பாக்கி இருக்கக் கூடாது" என்று கத்தினார். நாற்பது பேர் சிரித்தோம். சென்னியப்பன் சிரிக்கவில்லை.

அவருக்குச் சிரிப்பு வராமல் இல்லை. பக்கத்தில் துளசிமணி, கன்னம் கிழிந்து, மூக்கில் பஞ்சு வைத்து, தலையெல்லாம் சாம்பலாக நின்றுகொண்டு, பல்லில் பூசிய கறுப்பு தெரிய ஈயென்று இளித்ததைப் பார்த்ததும் அவருக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் மனைவி முன்னால் சிரிப்பதில்லை என்று ஆறு வருஷமாக இருக்கிறவர் அவர். வந்ததை அப்படியே விழுங்கினார். அந்தச் சிரிப்போடு சேர்ந்து உயிரும் எங்கேயோ போய்ச் சிக்கிக்கொண்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். துளசிமணியின் தம்பிக்கு அந்தியூரில் கல்யாணம். நலுங்கு வைக்கும்போது மாப்பிள்ளையின் அக்கா பாட வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து அவள் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். பேசுகிற குரல் வேறு, பாடுகிற குரல் வேறு என்பது அவளுக்கு அதுவரை தெரியாது, ஏனென்றால் அவள் அதுவரை பாடியதில்லை. நாலாவது வரியின் முடிவில் இருக்கிற 'மாமா' மேலே ஏற வேண்டிய இடம். அது பாதி வழியில் நின்று, இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மயிலாகவும் ஒரு பாதி கதவுக் கீலாகவும் வெளியே வந்தது. சபை தலையைக் குனிந்துகொண்டது. சென்னியப்பன் மட்டும் சிரித்தார். சிரித்துச் சிரித்து நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார். வீடியோக்காரன் மணமக்களை விட்டுவிட்டு அவரை எடுத்தான்.

அன்றைக்குப் பஸ் ஏறும்போது துளசிமணி சொன்னாள். "இனி என்ர முன்னால பல்லக் காட்டுனீங்கன்னா, அன்னைக்கே பெட்டியத் தூக்கீட்டு என்ர பொறந்த ஊட்டுக்குப் போயிருவேன், பாத்துக்கோங்க."

சென்னியப்பன் சொன்ன சொல்லை மீறாதவர், சொல்லப்பட்ட சொல்லையும் மீறாதவர். அதற்கப்புறம் வீட்டில் எது நடந்தாலும், பூனை தயிர்ப்பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஓடினாலும் சரி, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, பின்னால் இருக்கிற மோட்டார் ரூமுக்குப் போய், கதவைச் சாத்தி, சிரித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். துளசிமணிக்கு அது கேட்கும். முதல் வருஷம் அது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. இரண்டாவது வருஷம் பழகிவிட்டது. மூன்றாவது வருஷத்திலிருந்து, மோட்டார் ரூமில் அவர் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குள் என்னவோ போல் இருக்கும், போய்க் கூப்பிடலாமா என்று இருக்கும், ஆனால் போட்ட உத்தரவை யார் முதலில் வாபஸ் வாங்குவது. கல்யாணமான வீடுகளில் பாதி சட்டங்கள் இப்படித்தான் அமலில் இருக்கின்றன.

ஆக, புதன்கிழமை சாயங்காலம் துளசிமணி தேங்காய் எண்ணெய் தடவித் தன் மேக்கப்பைக் கழுவிவிட்டு, அவர் முகத்துக்கும் எண்ணெய் தடவித் தேய்த்தாள். சாம்பல் நிறம் போகவில்லை. பஞ்சை வைத்துத் தேய்த்தாள், கடலைமாவு போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தோல் குளிர்ந்துகொண்டே போனது. "ஏனுங்க, என்னுங்க பண்ணுது?" என்றாள். அவர் "ங்ங்ஙே" என்றார்.

மறுநாள் காலையில் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் எலிசபெத் வந்து கையைப் பிடித்துப் பார்த்தாள், பட்டையைக் கட்டிப் பார்த்தாள், விரலில் குத்திப் பார்த்தாள்.

"நாடி இல்லீங்க்கா. பிரஷர் இல்லை. மூச்சும் இல்லை. சுகர் மட்டும் நூத்தி எண்பது இருக்குதுங்க."

"அதுக்கு என்ன பண்றது அம்மிணி?"

"சோத்தைக் குறைக்கச் சொல்லுங்க."

அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்களை அவரே எழுந்து போய்க் கையை நீட்டி உட்காரச் சொன்னார், அதனால் வந்தவர்கள் என்ன பேசுவது என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். கஷ்டமெல்லாம் பூசாரி வெள்ளியங்கிரிக்குத்தான் வந்தது. அடுத்த வாரம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டு. ஊருக்குள் பிணம் கிடந்தால் கோயில் நடையைத் திறக்கக் கூடாது. டீக்கடையில் உட்கார்ந்து இதை இரண்டு நாள் பேசினார்கள், ஒருத்தர் எடுத்துவிடலாம் என்றார், இன்னொருத்தர் எங்கே எடுப்பது, அவர்தான் இதோ பன் வாங்க வந்து நிற்கிறாரே என்றார். கடைசியில் வெள்ளியங்கிரி தீர்ப்புச் சொன்னார்.

"பொணம் 'கெடந்தா'த்தானே நடை சாத்தறது? இவரு எங்க கெடக்கறாரு? நடந்துக்கிட்டில்ல இருக்கறாரு. சங்கு ஊதற வரைக்கும் அவரு கோயிலுக்கு வரி கட்டற வரிக்காரர்தான்."

தீர்ப்பு எல்லோருக்கும் பிடித்திருந்தது. சாட்டு அன்றைக்குச் சென்னியப்பனும் வந்தார், செருப்பைக் கழற்றிப் படிக்கட்டுக்குக் கீழே ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, உள்ளே வராமல் வெளியிலேயே நின்று கும்பிட்டார். செத்தும் மரியாதை தெரிந்த மனுஷர் என்று ஊர் பேசிக்கொண்டது.

அதற்கப்புறம் அவர் செத்துப்போனது ஊருக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். செத்தவரைக் கரண்ட் அடிக்காது. மெயினை அணைக்காமல், மரக்கட்டையில் ஏறி நிற்காமல், வெறுங்கையில் ஒயரைப் பிடித்து முறுக்குவார், உச்சந்தலை முடி மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். லைன்மேன் வர மூன்று நாளாகும் என்று சொன்ன தெருவிளக்கெல்லாம் ஒரே காலையில் எரிந்தது. நெல் காயப்போட்ட களத்தில் நிற்க வைத்தால் மயில் இறங்காது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட்டு வெயில் காலத்துக்குக் குளுகுளுவென்று இருக்கிறது என்று பெண்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து அவர் மேல் சாய்த்து உட்கார வைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமையில், "உங்கூர்ல ஒண்ணுதானே, எங்கூர்லயும் ரெண்டு பேர் அப்படித்தான் இருக்கறாங்க, சொல்றதில்ல" என்றார்கள்.

ஷூட்டிங்கும் நடந்துகொண்டுதான் இருந்தது. தேவசகாயம் ஒருநாள் பவுடர் டப்பாவோடு அவர் கிட்டே வந்து, கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, டப்பாவை மூடிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார், ஆனால் இயக்குநர் நிவேதனுக்குச் சந்தோஷம், இப்படி ஒரு ஜாம்பி வெளிநாட்டில்கூடக் கிடைக்காது என்றான். கதாநாயகனைத் துரத்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து அவன் தோளைக் கடிக்கிற முக்கியமான காட்சியை அவருக்கே கொடுத்தான். கேமரா ஓடியது. கதாநாயகன் அலறிக்கொண்டு ராமாத்தாள் வீட்டுக்குள் ஓடினான். சென்னியப்பன் காலை இழுத்து இழுத்து, வாயில் ரத்தம் ஒழுக, கையை நீட்டிக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்க வாசல்வரை வந்தார், நின்றார், குனிந்தார், செருப்பைக் கழற்றினார், ஜோடி சேர்த்துச் சுவரோரமாக வைத்தார், மறுபடி கையை நீட்டிக்கொண்டு உள்ளே போனார்.

நிவேதன் கட் என்றான். கெஞ்சினான். செருப்பே இல்லாமல் நடக்க விட்டான், அவர் வாசலில் நின்று இல்லாத செருப்பைத் தேடினார். பதிமூன்று தடவை எடுத்தார்கள், பதிமூன்று தடவையும் அதேதான். பொழுது இறங்கிக்கொண்டிருந்ததால் அதையே வைத்துக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போனார்கள்.

தினமும் நாலே முக்காலுக்கு மட்டும் தேவசகாயம் விடாமல் கேமராவை அவர் முன்னால் வைக்கச் சொல்வார். அவர் ஒருத்தருக்குத்தான் விஷயத்தின் அவசரம் தெரிந்திருந்தது.

"இதப் பாரும்மா," என்றார் துளசிமணியிடம். "செத்தவங்களுக்கு நினைப்பு போயிடும், பழக்கம் மட்டும் கொஞ்ச நாள் ஓடும், சார்ஜ் போட்ட பேட்டரி கணக்கா. அது தீர்ந்துச்சுன்னா உள்ள உன் புருஷன் இருக்க மாட்டாரு, வெறும் ஜாம்பிதான். கடைசி நாள் பூசணிக்காய் உடைப்பாங்க. அதோட படம் முடிஞ்சுது. அதுக்குள்ள இந்தக் கேமராவைப் பார்த்து ஒரு தபா சிரிச்சிட்டார்னா எந்திரிச்சிடுவாரு. பூசணிக்காய் உடைஞ்சிட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஊர் சும்மா இருக்குமா? ராமாத்தாள் அக்குளில் விரலை விட்டுக் கிச்சுகிச்சு மூட்டினாள், விரல் விறைத்துப்போனதுதான் மிச்சம். பூசாரி வெள்ளியங்கிரி தன் சம்சாரம் நடப்பதுபோல நடந்து காட்டினார், ஊரே சிரித்தது, சம்சாரம் மூன்று நாள் சோறு போடவில்லை. சென்னையிலிருந்து ஒரு காமெடி நடிகரையே வரவழைத்தார்கள், அவர் ஒரு மணி நேரம் குட்டிக்கரணம் போட்டுவிட்டு, வாழ்க்கையில் இப்படி ஒரு சபையைப் பார்த்ததில்லை என்று கண் கலங்கிப் போனார். துளசிமணியும் யாருக்கும் கேட்காமல் அவர் காதருகில், "சிரிங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிப் பார்த்தாள். உத்தரவு போட்டு நிறுத்தின சிரிப்பு உத்தரவு போட்டு வரவில்லை. எல்லாவற்றையும் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற முகத்தோடு சென்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார்.

எது அவரைச் சிரிக்க வைக்கும் என்று துளசிமணிக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் பதினாறு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்தியூர் மண்டபத்தில் தலையைக் குனிந்த அத்தனை தலைகளும் இன்னும் அவள் கண்ணிலேயே இருந்தன. வேறு ஏதாவது வழியில் வந்துவிடமாட்டாரா என்று பார்த்தாள். தவிர, அவர் ஒன்றும் எங்கேயும் போய்விடவில்லையே, இதோ வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடி சேர்க்கிறார், உள்ளே வருகிறார், உட்காருகிறார். செருப்பு ஜோடியாக இருக்கிறவரைக்கும் மனுஷர் இருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நடுவில் ஒருநாள் துண்டை மடிக்காமல் போட்டார். இன்னொரு நாள் நாற்காலியைத் துடைக்காமல் உட்கார்ந்தார். அவள் அதையெல்லாம் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

பதினேழாம் நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்குப் பூசணிக்காய். காலை பத்து மணிக்குத் துளசிமணி சமையலறையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் வாய்க்காலில் இருந்து வந்தார். வாசல் தாண்டுகிற சத்தம் கேட்டது, கழற்றுகிற சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மொசைக் தரையில் சேற்றுத் தடம் வாசலிலிருந்து வரிசையாக வந்து அவள் முன்னால் முடிந்தது. அவர் செருப்புக் காலோடு சமையலறைக்குள் நின்றார். "ஏனுங்க, செருப்பு" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் யாரும் இல்லை.

அவ்வளவு நாள் ஊரே சேர்ந்து பயப்படாமல் விட்டிருந்த பயம் மொத்தமும் அந்த ஒரு நிமிஷத்தில் துளசிமணிக்கு வந்தது. அவரைக்காய் ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம் விழ எழுந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து, பிடித்த கை சில்லிட்டுப் போக, வாய்க்கால் கரை வழியாக இழுத்துக்கொண்டு மில்லுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். வழியில் பார்த்தவர்களெல்லாம் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள்.

மில் வாசலில் மழை வருகிறது என்று பயந்து பூசணிக்காயை முன்னாலேயே உடைத்துவிடலாம் என்று ஒருத்தன் அதன் மேல் கற்பூரம் வைத்துக்கொண்டிருந்தான்.

"அதைக் கீழ வை கண்ணு," என்றாள் துளசிமணி. "தம்பி, கேமராவ இவரு முன்னால வைங்க. எனக்கு ஒரு மைக்கு வேணும்."

"மைக் எதுக்குக்கா?" என்றான் நிவேதன்.

"அன்னைக்கு மைக்குலதான் பாடுனேன்."

மைக் வந்தது. கேமரா வந்தது. சென்னியப்பன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். துளசிமணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆறு வருஷத்துக்கு முன்னால் பாடிய அதே நலுங்குப் பாட்டை ஆரம்பித்தாள்.

வெத்தலைக் கொடிக்காலில் வெயிலடிக்குது மாமா
வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வேர்க்கறதென்ன மாமா

முதல் வரியிலேயே மைக் ஒரு தடவை கீச்சென்றது, அதுவே கொஞ்சம் சுருதியாக இருந்தது. கூடியிருந்த நாங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம். ராமாத்தாள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். வெள்ளியங்கிரி கண்ணை மூடி அம்மனை நினைத்துக்கொண்டார். ஒரு பெண்பிள்ளை புருஷனுக்காகப் பாடுகிறாள், சிரிக்கலாமா? வயிறு வலிக்க, தோள் குலுங்க, அத்தனை பேரும் அடக்கிக்கொண்டு நின்றோம்.

"அடக்காதீங்கய்யா!" என்று தேவசகாயம் அலறினார். "கேமரா ஓடுது! அடக்கினதாலதானே இவர் இப்படி நிக்கிறாரு!"

அவ்வளவுதான், முதலில் ராமாத்தாள் உடைந்தாள். அப்புறம் வெள்ளியங்கிரி. அப்புறம் நர்ஸ், டீக்கடைக்காரர், கதாநாயகன், கற்பூரம் வைத்தவன், ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து சிரித்தோம். துளசிமணி கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்தியூரில் குனிந்த தலைகள் இங்கே குனியக்கூட இல்லை, நேருக்கு நேர் நிமிர்ந்து சிரித்தன. அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவள் நிறுத்தவில்லை.

மாலையை நான் தூக்கிவந்தா மறையறதென்ன மாமா
மணவறையில் உக்காந்துக்கிட்டு முழிக்கறதென்ன மாமா

அந்தக் கடைசி 'மாமா' வந்தது. மேலே ஏறியது, பாதி வழியில் நின்றது, பிளந்தது. ஒரு பாதி மயிலாகப் போக, வயலுக்கு அந்தப் பக்கம் இருந்து உண்மையான மயில்கள் இரண்டு பதில் சொல்லின. சென்னியப்பனின் உதட்டோரம் ஒரு தடவை துடித்தது. பழைய மோட்டார் தண்ணீர் எடுக்குமுன் குழாய்க்குள் குடுகுடுவென்று காற்றுதான் வரும், அப்படி ஒரு சத்தம் அவர் வயிற்றுக்குள் கேட்டது. அப்புறம் ஒரு கொப்பளிப்பு, நின்றது, இன்னொரு கொப்பளிப்பு. அப்புறம் பதினேழு நாள் சிரிப்பும் ஆறு வருஷத்துச் சிரிப்பும் சேர்ந்து பாய்ந்து வந்தது. சிரிக்கச் சிரிக்க முகத்தின் சாம்பல் நிறம் நெற்றியிலிருந்து கீழ்நோக்கி வடிந்தது, காது சிவந்தது, கழுத்தில் வேர்வை அரும்பியது. நாற்காலி இல்லாததால் வெறும் தரையில் மல்லாந்து விழுந்தார். கேமரா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அப்படியே படுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தவர், எதிரே மைக்கும் கையுமாகத் துளசிமணி நிற்பதைப் பார்த்தார். சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. அவசரமாகத் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"தெரியாம வந்துருச்சு அம்மிணி," என்றார்.

அவளுக்குச் சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. ஆனால் ஊரே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "மொசைக்கெல்லாம் சேறு," என்றாள். "ஊட்டுக்கு வந்து தொடைங்க முதல்ல." அவர் எழுந்து, செருப்பிலிருந்த சேற்றைப் புல்லில் தேய்த்துவிட்டு, அவள் பின்னால் நடந்தார். எங்களுக்குப் பின்னால் பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது.

படம் ஐப்பசியில் கோபியில் வெளியானது. படம் சுமார்தான். கதாநாயகன் யார் என்று இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து கடிக்கிற ஜாம்பியை மட்டும் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த இடம் வந்ததும் விசில் பறந்தது, காசும் பூவும் பறந்தன, இரண்டாம் நாளிலிருந்து, யார் ஆரம்பித்ததோ தெரியவில்லை, சேலம், திருச்சி, மதுரை எல்லா ஊர்த் தியேட்டர்களிலும் ஜனங்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் படம் பார்க்க உள்ளே போனார்கள். தியேட்டர்காரர்கள் கோயில் மாதிரி டோக்கன் போட்டார்கள்.

சென்னியப்பனும் துளசிமணியும் மூன்றாம் நாள் காலைக் காட்சிக்குப் போனார்கள். அந்த எட்டு மாதமும் வீட்டில் பழைய சட்டம்தான். அவர் மோட்டார் ரூமுக்குப் போவதும் வாயைத் துடைத்துக்கொண்டு வருவதுமாக இருந்தார்; அவளும் இன்றைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். உயிரையே மீட்டுக் கொடுத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, எப்போதும் தூக்கிப் போட்டுவிடுகிற அந்தச் சிரிக்கிற ஷாட்டுகளை நிவேதன் வரிசையாகச் சேர்த்திருந்தான். நாற்பது ஜாம்பிகள் பல்லைக் காட்டினார்கள். கடைசியில் சென்னியப்பன் தனியாக வந்தார், சாம்பல் முகத்தோடு, எங்கேயோ பார்த்துக்கொண்டு. பின்னால் ஒரு குரல் பாடியது.

துளசிமணி தன் பாட்டை வெளியிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. அந்தியூர்க் கல்யாண வீடியோவை அவள் கோபத்தில் பார்த்ததே இல்லை. "யாருங்க அது?" என்று கேட்க வாயெடுத்தவள், மூன்றாவது வரியில் கண்டுபிடித்துவிட்டாள். அப்படியே ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.

சென்னியப்பன் கடைக்கண்ணால் அவளைப் பார்த்தார். நாலாவது வரி வரப்போகிறது. அவர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"எங்க போறீங்க?"

"சித்த வெளிய போயிட்டு வந்தர்றேன் அம்மிணி."

"வெளிய எதுக்கு?"

 தியேட்டரில் மோட்டார் ரூம் எந்தப் பக்கம் இருக்கும் என்று அவர் கண் தேடியது.

அப்போது அந்த 'மாமா' வந்தது. நாலு பக்கமும் ஸ்பீக்கர் வைத்த தியேட்டரில் மேலே ஏறி, நின்று, பிளந்து, ஒரு பாதி பால்கனிக்கும் ஒரு பாதி பெஞ்சுக்குமாகப் போனது. துளசிமணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து சென்னியப்பன் குனிந்து பார்த்தார். விரல் இடுக்கில் பல் தெரிந்தது. அவள் மூச்சுவிட முடியாமல், சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எட்டி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கயும் போவ வேண்டாம்," என்றாள், சிரிப்புக்கு நடுவே வார்த்தையைத் தேடித் தேடி. "இங்கயே உக்காந்து சிரிங்க. என்ர பக்கத்துலயே."

சென்னியப்பன் உட்கார்ந்தார். நாற்காலியைத் துடைக்க மறந்துவிட்டார்.